பெரிம்மா போட்ட படம்

பெரிம்மா வீட்டில் எந்தக் குழந்தையும் அழாது. அது அவருடைய பெருமை. "உள்ள ஏழு புள்ளைங்க இருக்குது. வாசல்ல நின்னு கேளு, ஒரு சத்தம் வருதா பாரு" என்பார். அதைச் சொல்வதும் நம் காதோரம் குனிந்து, ரகசியம் சொல்கிற குரலில்தான். கோலார் தங்கவயலில், ஊரிகத்துச் சுரங்கத் தொழிலாளர் லைனில், பக்கத்து வீட்டில் உப்பு கேட்பதென்றால்கூட நாலு வீடு தாண்டிக் கேட்கும்படி கத்துகிற ஜனங்கள் நாங்கள். எங்களுக்கு நடுவில், லைனுக்கே பெரிம்மாவான இவர் ஒருத்தர் மட்டும் காலம் பூராவும் தணிந்த குரலிலேயே பேசிக்கொண்டிருந்தார்.

அவரை நினைக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் ரயிலில் தினம் கூட வருகிற சின்ன வயசுப் பெண் ஒருத்தி கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அக்கா, இத என் பையனுக்குக் காட்டலாமா? மூணு வயசு. பேச்சே கிடையாது, முழுக்க கிளாசிக்கல் மியூசிக். அதுக்குத் தகுந்த மாதிரி கார்ட்டூன். மூளை நல்லா வளருமாமே?" திரையில் வயலினுக்குத் தக்கபடி மேகங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. அழகாகத்தான் இருந்தது. "பக்கத்துல உக்காந்து யார் காட்டப் போறா?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. இந்த அக்காவுக்கு எப்பவும் எடக்குதான் என்று நினைத்திருப்பாள். நினைத்தால் நினைக்கட்டும்.

தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஊருக்குப் பிழைப்பு என்றால் ரயில்தான். விடிவதற்கு முன்னால் ஏறி பெங்களூர் போவது, இருட்டின பிறகு வந்து இறங்குவது. நான் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வெளியூர் டாக்சி ஓட்டுகிறவர். வாரத்தில் ஒரு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். என் அம்மா இல்லை. மாமியார் குடியாத்தத்தில் மூத்த மகனோடு இருந்தார். என் மகள் மதுவுக்கு அப்போது மூன்றரை வயது. இது நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ரயில் பிடிக்கிற அம்மாக்கள் எல்லாரும் பிள்ளைகளைப் பெரிம்மா வீட்டில் விட்டுப் போனார்கள். நானும் விட்டேன்.

முதல் நாளே கேட்டேன். "அழுதா இன்னா பண்ணுவீங்க பெரிம்மா?"

"இங்க அழாது."

"என் பொண்ணு பிடிவாதக்காரி. எழுந்தா அழுகை, படுத்தா அழுகை. என் உயிரை வாங்குது. அழாம மட்டும் பாத்துக்குங்க பெரிம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

சொன்னது நான்தான். என் வாயால் சொன்னதுதான். அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியம். ஒரு பிள்ளையை அவர் கை நீட்டி அடித்ததில்லை. நகம் வெட்டிவிடுவார், தலை வாரிப் பேன் பார்ப்பார், நாம் டப்பாவில் கட்டிக்கொடுத்த சோறு ஆறிப்போயிருந்தால் சுடவைத்துப் பிசைந்து ஊட்டுவார். ரயில் தாமதமானால் முகம் சுளிக்க மாட்டார். நான் மூச்சிரைக்க ஓடிவந்தால் மது அவர் மடியில் தூங்கிக்கொண்டிருப்பாள், அவர் புடவைத் தலைப்பால் கொசு விரட்டிக்கொண்டிருப்பார். எழுந்திருக்க முடியாமல் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குழந்தையை என் தோளில் மாற்றிவிட்டு, "மெதுவா போ" என்பார்.

ஆனால் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு வினோதம் தெரியும். கதவின் தாழ்ப்பாளில் துணி சுற்றியிருக்கும். பாத்திரம் வைக்கிற பலகையில் பழைய போர்வை விரித்திருக்கும். குழாயடியில் குடத்துக்குள் ஒரு துண்டைப் போட்டுவிட்டுத்தான் தண்ணீர் பிடிப்பார். காலையில் பிள்ளைகள் வந்ததும் கொலுசுகளைக் கழற்றி ஒரு தகர டப்பாவில் போட்டு மூடுவார். சாயங்காலம் யாருடையது எது என்று ஒன்றுகூட மாறாமல் திருப்பி மாட்டுவார். கொலுசு போட்ட பிள்ளை ஓடினால் சத்தம் வருமே.

ஒருமுறை இதைப் பற்றி நான் கேலி செய்தபோதுதான் சொன்னார். "உனக்கு இன்னாம்மா தெரியும்? அந்த மனுசன் பதினெட்டு வருசம் நைட் ஷிஃப்ட். காலைல வந்து படுப்பாரு. வீடே ஒரு ரூம்தான். ஒரு ஸ்பூன் கீழ வுழக்கூடாது. தூக்கம் கெட்டுட்டு அண்டர்கிரவுண்ட் போனா கை தவறும், கால் தவறும், ஆளு திரும்பி வரமாட்டான். என் புள்ள பொறந்து நாலு வயசு வரைக்கும் பகல்ல ஒரு சத்தம் போட்டதில்ல. அப்படிப் பழக்கினேன்."

எப்படிப் பழக்கினார் என்று நான் கேட்கவில்லை. லைனில் எல்லா வீட்டிலும் அந்தக் காலத்தில் அப்படித்தான். அப்பா தூங்குகிறார் என்றால் பிள்ளைகளை வெளியே விரட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். எங்கள் அம்மாவும் எங்களை விரட்டியிருக்கிறாள். நாங்கள், தங்கம் பிரித்த கழிவு மண் மலையாகக் குவிந்த சைனைட் மேட்டுப் பக்கம் போய் தொண்டை வறளக் கத்திவிட்டு வருவோம். பெரிம்மா மகனை வெளியே விட்டதில்லை. மேட்டில் கால் வைத்தால் சொறி வரும் என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார். புருஷன் நெஞ்சில் தூசி கட்டி இருமி இருமிச் செத்தார். சுரங்கத்தையும் மூடினார்கள். தூங்குவதற்கு ஆள் இல்லாத வீட்டில் இவர் மட்டும் சத்தத்துக்குக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

மகன் பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தார். மது அங்கே போவதற்கு முந்தின பொங்கலுக்குப் பெரிய டிவி வாங்கி மாட்டிவிட்டு, தன் குழந்தை வரும்போது பார்க்கட்டும் என்று ஒரு பென் டிரைவில் இந்த மாதிரிப் படங்களாக நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றையிலிருந்து பெரிம்மாவுக்கு அந்தப் படங்கள்தான் எல்லாம். காலை டிபன் முடிந்ததும் ஏழு பிள்ளைகளையும் பாயில் வரிசையாக உட்காரவைத்துப் போட்டுவிடுவார். மத்தியானத் தூக்கத்துக்குப் பிறகு மறுபடியும்.

"கிளப்புல வாசிக்கிற பாட்டும்மா இது" என்று எனக்குச் சொன்னார். "தொரைங்க கிளப்பு. நான் சின்னப் பொண்ணா இருக்கச் சொல்ல, வேலிக்கு இந்தாண்ட நின்னு கேப்போம். மூச்சு விடற சத்தம் வந்தாக்கூட வாட்ச்மேன் கட்டய தூக்கினு வருவான். நம்ம ஜனத்துக்கு வாய்க்காத பாட்டு. இப்ப பாரு, நம்ம புள்ளைங்க பாய் போட்டுக் குந்திக்கினு கேக்குது."

அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ரயிலில் நாங்கள் அம்மாக்கள் அடித்த அலட்டல் கொஞ்சமா? "எங்க புள்ளைங்க சீரியல் பாக்கறதில்ல, கிளாசிக்கல்தான்" என்று கோலாரிலிருந்து வருகிறவளிடம் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. எனக்கு ஜில்லென்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிம்மா வீட்டில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். தவளைக் கல்யாணம் ஒன்று, எனக்கே சிரிப்பு வந்தது. ஒரு ஊசியும் நூலும் காதலிக்கிற கதை. நல்ல படங்கள், பொய் சொல்லக்கூடாது. நாலாவதாக ஒன்று வந்தது. ஒரு ஊர், அதன் நடுவில் பாழுங்கிணறு. முரசு மெல்ல ஆரம்பிக்கிறது. கிணற்றுக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்று, நீள நீளமான விரல்களோடு, முரசு ஏற ஏற மேலே ஏறி வருகிறது. ஊரில் ஒவ்வொரு வீட்டு விளக்காக விரலால் கிள்ளி அணைக்கிறது. எல்லாம் அணைந்ததும் இசை நின்று, ஒரே ஒரு புல்லாங்குழல். பிறகு விடிகிறது, அது கரைந்துபோகிறது. பெரியவர்களுக்கு அற்புதமான படம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மது என் பக்கத்தில் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எவ்ளோ ரசிக்குது பாரு" என்றார் பெரிம்மா. நானும், ஆமாம், ரசிக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டேன். கண்ணை எங்கே வைத்திருந்தேனோ.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டியதெல்லாம் என் கண்ணெதிரிலேயே நடந்தது. தடுப்பூசி போட்டார்கள். மது வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணீர் மட்டும் வழிந்தது. "என்னா சமத்து!" என்றாள் நர்ஸ். நான் பூரித்துப்போனேன். எங்கள் சந்தின் கோடியில் வேலி போட்ட பழைய ஷாஃப்ட் இருக்கிறது. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற ஆழக் கிணறு, மேலே துருப்பிடித்த இரும்புக் கோபுரம். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மது என் கையை இழுத்து, "அம்மா, மெதுவா பேசு" என்பாள். இதையும் ரயிலில் ஒரு ஜோக்காகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பெரிம்மாவின் மகன் அடுத்த பொங்கலுக்குத் தன் மூன்று வயசுப் பையனோடு வந்தார். நான் பாத்திரத்தில் பொங்கல் கொடுக்கப் போயிருந்தேன். பெரிம்மா பேரனுக்கு ஆசையாகப் படம் போட்டார். கிணற்றுப் படம் வந்ததும் அந்தப் பிள்ளை வீல் என்று அலறியது. அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. பெரிம்மா ரிமோட்டை எடுக்கவில்லை. "உஷ்... முடியட்டும், முடியட்டும்" என்று கையால் காற்றை அமுக்கினார். மகன் எழுந்து டிவியின் ஒயரைப் பிடுங்கினார். முகம் வெளுத்திருந்தது. "இவங்கிட்ட அந்த ஷாஃப்ட் கதைய சொல்லாத. சொன்னே, நான் மனுசனா இருக்கமாட்டேன்" என்று அம்மாவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவரும் கத்தவில்லை. கோபத்தில்கூட அவருக்குக் குரல் உயரவில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர், வாசலில் என்னைப் பார்த்து நின்றார். "அக்கா, உங்க பொண்ண எத்தன மணி வரைக்கும் இங்க வுடறீங்க?"

"நைட்டு ரயில் வர வரைக்கும்" என்றேன்.

அவர் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தார். என்ன ஷாஃப்ட் கதை என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்தால் மறுநாள் காலை குழந்தையை எங்கே விடுவது? அதனால் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே அவர்கள் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டார்கள். "வளப்பு சரியில்ல அந்தப் புள்ளைக்கு" என்றார் பெரிம்மா. மகன் அப்புறம் வருவதே குறைந்துபோனது. நாலு வருஷத்துக்கு முன்னால் பெரிம்மா இறந்தபோது வந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஆனால் இரண்டு செட் மேளம் கூட்டிவந்து, காலையிலிருந்து சுடுகாடு போகிற வரைக்கும் ஒரு நிமிஷம் நிறுத்தாமல் அடிக்கவைத்தார். வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அவர் செய்தது சரி என்று பட்டது.

பேரன் வந்துபோன அந்தப் பொங்கல் கழிந்து, மாசி மாதத்தில் ஒரு காலை, மதுவை எழுப்பினால் தலையணை ஈரமாக இருந்தது. வலது காதிலிருந்து சீழும் ரத்தமுமாக வடிந்திருந்தது. அவள் விழித்துப் படுத்திருந்தாள். அழவில்லை.

கோலாரில் காது டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை நாளா வலி?"

"தெரியல சார். அவ சொல்லல."

"செவிப்பறை கிழிஞ்சிருக்கு. சீழ் பல வாரமா உள்ளயே கட்டி நின்னிருக்கு. பெரியவங்களே சுருண்டு படுத்துடுவாங்க. குழந்தை அழாம எப்படிம்மா இருக்கும்? நீங்க வீட்ல இருக்கீங்களா இல்லையா?"

"அழமாட்டா சார்" என்றேன். "நல்ல புள்ள."

அவர் மருந்துச் சீட்டை இழுத்துவைத்தார். எழுத ஆரம்பித்துவிட்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மதுவைக் கேட்டேன். "வலிச்சா ஏண்டி செல்லம் சொல்லல?"

"கத்துனா அது மேல வந்துடும்."

"எது?"

"ஷாஃப்ட்ல இருக்குதே, அது. படத்துல வருமே. பெரிம்மா சொன்னாங்க, அது நம்ம ஷாஃப்ட்தான். சத்தம் எங்க வருதுன்னு கேட்டுக்கினே இருக்குமாம். அழுதா அந்த வீட்டு லைட்ட அணைச்சிடும்."

எனக்கு அங்கேயே வாய்விட்டு அழுகை வந்துவிட்டது. என் மகள் தன் சின்னக் கையை என் வாய் மேல் வைத்தாள். "சத்தம் போடாம அழும்மா" என்றாள்.

அந்தப் படத்தில் பேச்சே இல்லை. கடைசியில் விடிகிறது, அது கரைகிறது என்று எடுத்தவன் இசையில் சொல்லியிருந்தான். பெரியவர்களுக்கு அது கேட்கும். நாலு வயசுப் பிள்ளைக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதுதான் கேட்கும். இந்த ஊரில், கூப்பிடுதூரத்தில் நிஜமாகவே ஒரு கிணறு வாயைத் திறந்துகொண்டிருக்கிறபோது, கேட்கவா வேண்டும்.

நேராகப் பெரிம்மா வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் தூங்குகிற நேரம். "மெதுவா" என்று உதட்டில் விரல் வைத்தார்.

"இன்னா மெதுவா? என் பொண்ணுக்கு காது போச்சு பெரிம்மா!" என்று கத்தினேன். உள்ளே பிள்ளைகள் விழித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தன. ஒன்றுகூட முனகவில்லை.

நடந்ததைச் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "காத தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு இருந்துச்சும்மா. வலிக்குதாடின்னு கேட்டேன். இல்லன்னு தலயாட்டிச்சு. அழாத புள்ளைக்கு இன்னா வலி இருக்கப்போவுதுன்னு வுட்டுட்டேன்."

"அது கேட்டுக்கினே இருக்கும், லைட்ட அணைக்கும்னு ஏன் சொன்னீங்க? நாலு வயசு புள்ளைகிட்ட சொல்ற பேச்சா அது?"

"பூச்சாண்டி சொல்லாம யாரும்மா புள்ள வளத்தாங்க? என் புள்ளைக்கும் அதான் சொன்னேன். அப்ப படம் இல்ல, வெறும் வாயால சொன்னேன். அவன் நல்லாதானே இருக்கான்?" சொல்லிவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தார். அவர் கண்ணில் நிஜமாகவே ஒரு பயம் இருந்தது. "நீதானேம்மா சொன்ன, அழாம பாத்துக்கன்னு."

அவர் எழுந்து, டிவியின் பின்னாலிருந்து பென் டிரைவைப் பிடுங்கி என் கையில் வைத்து மூடினார். வரும் வழியில் அதைச் சாக்கடையில் போட்டேன்.

ஆபரேஷன் செய்தார்கள். வலது காதில் பாதிதான் திரும்பியது. மூன்று வாரம் லீவில் இருந்தேன். நாலாவது வாரம் ஆபீஸிலிருந்து, வருகிறீர்களா, வேறு ஆள் பார்க்கட்டுமா என்று கேட்டார்கள். பக்கத்து பாலகாட் லைனில் ஒரு பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்றார்கள். போய்ப் பார்த்தேன், சாயங்காலம் ஐந்தோடு சரி என்றாள். வீட்டுக்காரர், "நீயே ஒரு முடிவு எடு" என்று போனில் சொல்லிவிட்டுத் திருப்பதிக்கு வண்டி ஓட்டப் போய்விட்டார். நான் முடிவெடுத்தேன். திங்கட்கிழமை இருட்டோடு மதுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெரிம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"படம் மட்டும் போடாதீங்க பெரிம்மா. அந்தக் கதையும் வேணாம்."

"சத்தியமா போடல" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதில் குறை சொல்ல முடியாது.

பங்குனியில் ஒரு நாள் ஆபீஸில் கரண்ட் இல்லையென்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். மதுவைக் கூப்பிட்டுக்கொண்டு போகலாமென்று வந்தேன். பெரிம்மா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, திறந்திருந்த ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். டிவி அணைந்து கிடந்தது. அதற்கு முன்னால் பாயில், முன்பு உட்கார்ந்த அதே வரிசையில், ஏழு பிள்ளைகளும் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தன. பெரிம்மா ஓரமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எட்டாவதாகப் புதிதாக ஒரு குழந்தை, இரண்டு வயசு இருக்கும், அம்மாவை நினைத்துக்கொண்டதோ என்னவோ, உதட்டைப் பிதுக்கி விசும்ப ஆரம்பித்தது.

பெரிம்மா நிமிரவே இல்லை. மதுதான் எழுந்து போனாள். அந்தக் குழந்தையின் பக்கத்தில் மண்டிபோட்டு, ஆசையாக அதன் தலையைத் தடவிக்கொடுத்து, தன் உள்ளங்கையை அதன் வாய் மேல் வைத்து அழுத்தினாள். "அது தூங்குது" என்று அதன் காதில் சொன்னாள். "எழுப்பாத."

பெரிம்மா அப்போதுதான் ஜன்னலில் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா? எனக்குப் பாதி வேலைய உன் பொண்ணே பாத்துடறா" என்றார், குரலைத் தாழ்த்தி.

அந்த நிமிஷமே உள்ளே பாய்ந்து மதுவை வாரிக்கொண்டு வந்துவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் தலையை ஆட்டிவிட்டு, சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கினேன். அவ்வளவு அலுப்பு. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் அவளை அங்கேதான் விட்டேன்.